வீட்டுக்கு ஒரே நோட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில், உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் கடையில் உட்கார்ந்துகொண்டு, எனக்கென்று ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எடுத்து முடிப்பதற்குள் என் தலைமுடியில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அதற்கு முன்பே போயிருந்தது என்பதால் அந்தக் கணக்கை விட்டுவிடுவோம்.

எனக்கு விவசாய மோட்டார்களுக்குக் காயில் கட்டும் வேலை. கரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள். பழைய செம்புக் கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, காயிலாக உள்ளே இறக்கிக் கட்டிக் கொடுக்க வேண்டும். இதில் எண்ணிக்கை முக்கியம். ஒரு காயிலுக்கு இத்தனை சுற்று என்றால் அத்தனைதான். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும். மோட்டார் கரிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மூன்று ஃபேஸ் கரண்டு வராத நேரத்தில், இருக்கிற இரண்டு ஃபேஸிலேயே, மூன்றாவதை ஈடுகட்டக் கண்டன்சர் டப்பாவை மாட்டி ஓட்டுவார்கள். ஓட்டிவிட்டு என்னிடம் வந்து, “சும்மாதாம்பா ஓடிகினு இருந்துச்சி, தானா பொகை வந்துட்ச்சி” என்பார்கள். எனக்கு வரும் கோபம் இருக்கிறதே! “உண்மையச் சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ?” என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவேன். கடைத்தெருவில் என் கடைக்குச் ‘சத்தக் கடை’ என்றே பெயர்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. காவாந்தண்டலத்தில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா, அண்ணன், அண்ணி, கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள், நான். எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். முன்பு மூன்றாக இருந்தது. அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது ஒரு ஏக்கர் போனது, பின்னாலேயே அப்பாவும் போய்விட்டார். விற்ற அந்தத் துண்டின் வரப்பு வழியாக அண்ணன் இன்றுவரை நடப்பதில்லை. சுற்றிக்கொண்டுதான் போவார்.

அந்த மாசியில் எனக்குத் தெரிந்த ஒரு பைப் ஃபிட்டர், என் வயதுதான், கிணற்று மேட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவில் வீட்டை விற்றுவிட்டு மாமியார் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நாளைக்கு நான் விழுந்தால் அண்ணன் என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு ஏக்கரையும் விற்றுவிட்டு வந்து நிற்பார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத எனக்காக, மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறவர் நிலத்தை இழக்கக் கூடாது. அவ்வளவுதான் என் கவலை.

அரசாங்கக் காப்பீட்டு அட்டை இல்லையா என்று கேட்பீர்கள். அண்ணன் குடும்பத்துக்கு இருந்தது. அவர்கள் புது ரேஷன் அட்டை வாங்கியபோது என் பெயர் பழைய அட்டையோடு போய்விட்டது. எனக்கென்று தனி அட்டைக்கு எழுதிக் கொடுக்காமல் ஏழு வருடம் தள்ளிப்போட்டது யார் குற்றமும் இல்லை, என் சோம்பேறித்தனம்.

சரி, தனியார் காப்பீடு எடுக்கலாம் என்று, ஒரு மத்தியானம் கைபேசியில் தேடி, வந்த பக்கத்தில் என் நம்பரைப் போட்டேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகளில் அதற்கு நிச்சயமாக ஓர் இடம் உண்டு. போட்ட இரண்டாவது நிமிடம் முதல் அழைப்பு. நான் அப்போது காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். முப்பத்து ஏழு, முப்பத்து எட்டு... “வணக்கம் சார், நீங்க ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி விசாரிச்சிருந்தீங்க.” எண்ணிக்கை போச்சு. பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால் இருபத்து இரண்டாவது சுற்றில் வேறொரு பெண். அதற்கடுத்து ஒரு பையன், பெரிய மனுஷன் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு. ஒரு வாரத்தில் எத்தனை பேர் பேசினார்கள் என்று எனக்கே தெரியாது. அந்த வாரம் ஒரு மோட்டாரைக் கட்டி முடிக்க நான்கு நாள் ஆனது. மோட்டாருக்குச் சொந்தக்காரர் நாற்று காய்கிறது என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் பேசுவதாவது புரிந்ததா? அதுவும் இல்லை. ஒரு திட்டத்தில் அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டாம், இன்னொன்றில் இல்லையாம். ஒன்றில் செலவில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டுமாம். எல்லாவற்றிலும் காத்திருப்புக் காலம் என்று ஒன்று. ஏற்கெனவே இருக்கிற நோய் என்றால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். புதிதாக வந்தாலும் கண்புரை, குடலிறக்கம், மூலம் இதற்கெல்லாம் இரண்டு வருடம் கழித்துத்தானாம். “ஏம்மா, மூலம் வந்தவன் ரெண்டு வருஷம் எப்பிடிம்மா குந்திகினு இருப்பான்?” என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம்கூட அசராமல், “நல்ல கேள்வி சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

டீக்கடையில் யோசனை கேட்டது அடுத்த தப்பு. விலை குறைந்ததை எடு என்றார் ஒருவர். குறைந்ததை எடுத்தால் ஒன்றும் கிடைக்காது என்றார் இன்னொருவர். நெல் கொண்டுவந்திருந்த ஒரு பெரியவர், “அந்தப் பணத்த மாட்டுல போடுப்பா, பாலாவது கறக்கும்” என்றார். பேஜாராகிவிட்டது. கடைசியில் என் கடைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் போனேன். அது காப்பீட்டு முகவர் வேலையும் பார்க்கிறது. நல்ல பெண். ஒரே உட்காரலில் மூன்று திட்டங்களைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எதில் என்ன கிடைக்காது என்பதை முதலில் சொன்னது. கிடைக்காததை முதலில் சொன்ன ஒரே ஆள் அதுதான் என்பதால் அது காட்டியதில் நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

படிவம் நிரப்பும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா என்று வரிசையாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். சத்தியமாக இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தே மூன்று வருடம் இருக்கும்.

“பழைய ஆஸ்பத்திரி சீட்டு எதுனா கீதாண்ணா? நாப்பது வயசு தாண்டினா சில நேரம் கேப்பாங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் எவன் தன் நோயைக் காட்டி விண்ணப்பம் போடுகிறான்? நான் காட்டுவேன். “மொத்தமும் கீதும்மா, ஒண்ணு வுடாம வச்சிகினு கீறன்” என்று மறுநாள் வீட்டிலிருந்து நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

இந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்திரமேரூரில் நாங்கள் எப்போதும் போகும் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனால் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதில்தான் தேதி போட்டு, நோய், மருந்து எல்லாம் எழுதுவார். ஆளுக்கு ஒரு நோட்டு என்றுதான் அவர் சொல்வார். எங்கள் பக்கத்தில் யார் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள்? வீட்டுக்கு ஒன்றுதான். நோட்டின் அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டு நோட்டை வாங்கியவன் நான், அம்மாவை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனவன் நான். டோக்கன் கொடுக்கும் அம்மா “பேரு, வயசு” என்று கேட்டபோது, வாய் தவறியெல்லாம் இல்லை, பழக்கத்தில் என் பெயரையும் என் வயதையும் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அந்த நோட்டுதான் போகும், வரும். டாக்டர் ஆளைப் பார்த்து மருந்து எழுதுவார், நோட்டில் பெயரைப் பார்க்க மாட்டார். அவர் கையெழுத்தோ, கோழி கிளறிய மாதிரி, அதுவும் ஆங்கிலத்தில். எங்கள் வீட்டில் எவருக்கும் ஓர் எழுத்து புரியாது. மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் புரியும். இதையெல்லாம் நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைப் பெண் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்து காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் குரல். உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஆரம்பித்தது. நான் நாற்பத்து ஒன்றாவது சுற்றில் இருந்தேன்.

“நீங்க அனுப்பின மருத்துவ நோட்டு உங்களுடையதுதானே சார்?”

“ஆமா.” நாற்பத்து இரண்டு.

“அதுல இருக்கிறது எல்லாம் உங்க சிகிச்சை விவரங்கள்தானே?”

“ஆமாம்மா, ஆமா.” நாற்பத்து மூன்று.

இன்னும் ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். அன்றைக்கு மட்டும் எண்ணிக்கை தப்பவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஜெராக்ஸ் கடைப் பெண் படித்துச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தது. விண்ணப்பத்தை ஏற்க முடியாதாம். காரணம், நான் மறைத்த நோய்கள். எட்டு வருடமாகச் சர்க்கரை. தைராய்டு. இளைப்பு. இதய நோய்க்கான அறிகுறிகள். அதோடு கர்ப்பப்பையில் கட்டி.

“அண்ணா, கர்ப்பப்பை...”

“படிம்மா, படி. இன்னும் இன்னா இன்னா கீதுன்னு பாக்கலாம்.”

எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. சர்க்கரை அம்மாவுக்கு. தைராய்டும் கட்டியும் அண்ணிக்கு. இளைப்பு அண்ணன் மகளுக்குச் சின்ன வயதில் இருந்தது. இதயம் என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அம்மாவுக்கு ஒரு முறை படபடப்பு வந்தது, அதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஓர் ஆணுக்குக் கர்ப்பப்பை எங்கே இருக்கும் என்று யோசிக்காத ஒரு கம்பெனியை, கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் போட்ட என்னை, எட்டு வருடமாக ஒரு நோட்டை வைத்து ஓட்டிய என் குடும்பத்தை, எல்லோரையும் சேர்த்துத் திட்டினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

“சரி, இந்தக் கம்பெனி இல்லன்னா வேற ஒண்ணு” என்றேன்.

“எல்லா ஃபார்ம்லயும் ஒரு கேள்வி கீதுண்ணா. இதுக்கு முன்னாடி யாருனா வேணாம்னு சொன்னாங்களான்னு கேப்பாங்க.”

“இல்லன்னு போடு.”

“யாரு, நீயாண்ணா சொல்ற?” என்று கேட்டது. தினமும் என் கடை வாசலில் நான் கத்துவது எதிர்க்கடையில் இருக்கும் அதற்கு நன்றாகக் கேட்கும்.

அது ஒரு வழி சொன்னது. எந்த நோய் யாருடையது என்று டாக்டரே பிரித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை வைத்து மறுபடி கேட்டுப் பார்க்கலாம். டாக்டரிடம் ஓடினேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறேன். எட்டு வருஷத்துல எந்தப் பக்கம் யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்ல இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டு வா” என்றார்.

இரண்டு நாளில் எல்லோரையும் கிளப்பினேன். அண்ணன் மகள் கல்லூரிக்குப் போக வேண்டும், அவள் விஷயத்தை அண்ணி சொல்லிவிடலாம். அண்ணன்தான் வரவே மாட்டேன் என்றார். களை எடுக்க ஆள் வருகிறார்கள், தண்ணீர் பாய்ச்ச வேண்டும், வாய்க்கால் அடைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“நான் எதுக்குடா? எனக்கு இன்னா கீது? அம்மாவயும் உங்க அண்ணியயும் இட்டுகினு போ.”

“உனுக்கு ஒண்ணும் இல்லன்னு நீ வந்துதான் சொல்லணும். ஒரு மணி நேரம் வந்துட்டு போனா நெலம் ஓடியா பூடும்?” என்று கத்தினேன். நான் கத்தினால் அண்ணன் எதிர்த்துப் பேச மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினார்.

பதினொரு மணிக்கு மேல், கூட்டம் குறைந்த பிறகு, டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சுவர் ஓரம் பெஞ்சில் அம்மா, அண்ணி, அண்ணன். நான் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்வார். யாருடையதோ அவர் கையைத் தூக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் எழுதிக்கொள்வார்.

முதலில் தமாஷாகத்தான் இருந்தது. சர்க்கரை என்றதும் அம்மா கை தூக்கினார். முழங்கால் வலி என்றதும் அம்மாவும் அண்ணியும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். “அது என்னுதுடி, உன்னுது ஆடி மாசத்துல” என்று அம்மா சொல்ல, “இல்லத்த, உங்களுக்கு எடது காலு, சார் வலதுன்னு சொல்றாரு பாருங்க” என்று அண்ணி சொல்ல, டாக்டரே சிரித்துவிட்டார். நாய் கடித்த ஊசி எனக்கு. அந்த ஒன்று கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்த மாதிரி இருந்தது. எட்டு வருட நோட்டில் எனக்கென்று இருந்தது அதுவும் இரண்டு காய்ச்சலும்தான்.

நோட்டு முடியப்போகிற இடத்தில் டாக்டர் ஒரு பக்கத்தில் நின்றார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“ஐப்பசியில எழுதியிருக்கேன். நடந்தா நெஞ்சு அழுத்துது, இடது கை மரத்துப்போகுது. இ.சி.ஜி.யில மாற்றம் இருக்கு, உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு எழுதியிருக்கேன். யாருது இது?”

யாரும் கை தூக்கவில்லை.

“ஏம்மா, நீங்களா?”

“எனுக்கு படபடன்னு வந்துச்சி நைனா, ஆனா அது போன வருஷம் சித்திரையில” என்றார் அம்மா. அண்ணி இல்லை என்று தலையாட்டினார். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை என்று உள்ளே நுழையும்போதே நான் சொல்லியிருந்தேன். டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். கார்த்திகையில் இன்னொரு முறை. இன்னும் போகவில்லையா என்று கேட்டு, அடியில் கோடு போட்டு எழுதியிருந்தாராம்.

“ரெண்டு தடவை வந்திருக்காங்க. அப்போ நீதானா?” என்று என்னைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல சார். கல்லு மாதிரி கீறன்.”

“இதோ பாரு, நோட்டு உன் பேர்ல இருக்கு. வேற யாரும் தன்னோடதுன்னு சொல்லலைன்னா, இது உன்னோடதுன்னுதான் நான் எழுதித் தர முடியும். மாற்றி எழுத மாட்டேன். அப்படி எழுதினா எந்தக் கம்பெனியும் உன்னைச் சேர்க்கிறது கஷ்டம். யோசிச்சுச் சொல்லு.”

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இத்தனை நாள் அலைச்சல், இத்தனை மோட்டார், இத்தனை ஃபோன், எல்லாம் யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் நோட்டை வாங்கிக்கொண்டு போனதால் வீணாகிறதே என்று நினைத்தேன். அம்மாவிடம் திரும்பி, “நோட்ட யாருக்குனா கொடுத்தியா?” என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கத்தான் கேட்டேன்.

“அது என்னுது சார்” என்றார் அண்ணன்.

அவர் கையைத் தூக்கவில்லை. மடியில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒரு கணம் எனக்குப் புரியவே இல்லை. அண்ணிதான் முதலில் பேசினார். “வாயு வாயுன்னு சொல்லிகினு டெய்லி மோர்ல பெருங்காயம் போட்டு கேட்டியே, அது இதுதானா?” என்றார். டாக்டரின் மேசையிலிருந்து அண்ணியே அந்த நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஓர் எழுத்து புரியாது.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கத்தினேன். அந்தச் சின்ன அறையில், நெஞ்சு வலி இருக்கிற மனுஷனைப் பார்த்து, நாலு மாசமா எதுக்குடா மறைச்ச என்று, பிறந்ததிலிருந்து ஒரு நாளும் சொல்லாத ‘டா’ போட்டுக் கத்தினேன். டோக்கன் கொடுக்கும் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டாக்டர், “இவருக்கு இப்ப இதெல்லாம் ஆகாது. கத்தறதுன்னா வெளிய போய்க் கத்து” என்றார்.

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

“இதுக்குத்தாண்டா சொல்லல. சொன்னா நீ கத்துவ. கத்திட்டு, நெலத்த வித்துடலாம்னு சொல்லுவ. ஒருத்தருக்கு வித்தது போதும்.”

அரசாங்க அட்டைதான் இருக்கிறதே என்று டாக்டர் கேட்டார். அதற்கு அண்ணன் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். அந்த அட்டையை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும் என்று நினைத்திருக்கிறார். “ஒரு தபா யூஸ் பண்ணா முடிஞ்சி பூடும்னு நெனச்சேன் சார். அம்மாவுக்கு வயசாவுது, நாளைக்கி எதுனா ஒண்ணுன்னா வேணுமேன்னு வச்சிகினேன்.” பீரோவில், புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் உறையோடு புதுசாகவே வைத்திருந்தார். வருடா வருடம் உண்டு, வீட்டில் எல்லோருக்கும் உண்டு என்று டாக்டர் சொன்னபோது, அண்ணன் நம்பாமல் என்னைப் பார்த்தார். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மூன்று வாரம் காப்பீட்டில் முங்கி எழுந்த எனக்கு, எங்கள் வீட்டு பீரோவில் இருந்த காப்பீட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போனோம். அங்கே ஓர் இளம் பெண் டாக்டர், எப்போதிலிருந்து, எப்படி வலித்தது என்று கேட்டார். அண்ணன் ஆரம்பித்தார்: “சும்மாதாம்மா இருந்தேன், தானா வந்துச்சி...” அப்படியே நிறுத்தி, என் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் கடை வாசலில் எத்தனை பேர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அதே மாதிரி என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்! நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். நான் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னாராம். நடவு சமயத்தில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது, இரண்டு முறை கண் இருட்டியது, சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு வந்தது, எல்லாம்.

ரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் என்று ஒரு சின்ன வலைக் குழாய் வைத்தார்கள். படத்தில் காட்டியபோது அது நான் சுற்றும் காயில் மாதிரிதான் தெரிந்தது. அட்டையிலேயே எல்லாம் ஆயிற்று. இன்னொரு நடவு வரை இப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அண்ணியின் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு அப்புறம் அண்ணன் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை.

எங்கள் டாக்டர் பிரித்து எழுதிக் கொடுத்த தாளோடு, நிராகரித்த கடிதத்தையும் மறைக்காமல் வைத்து, ஜெராக்ஸ் கடைப் பெண் மறுபடி விண்ணப்பித்தது. மறுபடியும் ஃபோன், மறுபடியும் கேள்வி. இந்த முறை கம்பியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டுப் பதில் சொன்னேன். கூடப் பிறந்தவர்களுக்கு இதய நோய் உண்டா என்று புதிதாக ஒரு கேள்வி கேட்டார்கள். உண்டு என்றேன். ரத்தம், இ.சி.ஜி. எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வழியாகத் திட்டம் கிடைத்தது. இன்றுவரை அதைப் பயன்படுத்த வேண்டி வரவில்லை. முதலில் நம்பரைப் போட்ட அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இன்னும் அழைக்கிறார்கள். எண்ணிக்கை இன்னும் விட்டுப்போகிறது.

வீட்டில் இப்போது ஐந்து நோட்டுகள். ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர், அவரவர் வயது. கடைக்கு யாராவது கரிந்த மோட்டாரோடு வந்து, தானா பொகை வந்துச்சி என்று சொன்னால், பல்லைக் கடித்துக்கொண்டு முதலில் ஒரு டீ சொல்லிவிடுகிறேன். டீ வருவதற்குள் பாதிப் பேர் கண்டன்சர் போட்டதைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். இத்தனை வருடம் இவர்களெல்லாம் பொய் சொல்கிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதம் ஒருமுறை அண்ணன் டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வருவார். நோட்டைப் பிரித்து, அன்றைக்கு எழுதிய பக்கத்தைக் காட்டுவார். எனக்கு ஓர் எழுத்தும் புரியாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். நான் விழுந்தால் என்ன ஆகும் என்று ஊரெல்லாம் கேட்டு அலைந்தேன். ஒரே வீட்டில் நாலு மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்த மனுஷன், நோயைவிட என் சத்தத்துக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறார் என்பது, அந்த நோட்டைக் கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உறைக்கிறது.